உருக்கி ஊற்றும் சோப்பில் அடுக்குகள் ஏன் பிரிகின்றன?

ஏற்கெனவே தயாரான சோப்புக் கட்டியை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றுவதே இந்த முறை. அடுக்கு ஒட்ட, கீழடுக்கின் மேற்பரப்பு லேசாக இளகி மேலடுக்கோடு கலக்க வேண்டும். முழுக்க ஆறிய மெழுகுச் சொட்டின்மேல் விழும் சொட்டு நகம் பட்டாலே பெயர்ந்துவிடும், அதேதான் இங்கும்.

கீழடுக்கில் ஏடு படிந்து, விரலால் தொட்டால் அமுங்காமல், ஆனால் இளஞ்சூடாக இருக்கும்போதே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை (மருந்துக் கடையில் கிடைக்கும், எளிதில் ஆவியாகும் கிருமிநீக்கித் திரவம்) தெளியுங்கள். குமிழி உடையும், பிடிப்பும் கூடும். உடனே அடுத்ததைச் சுமார் 50–55 டிகிரி செல்சியஸில், கரண்டியின் மேல் விழும்படி மெதுவாக ஊற்றுங்கள். அதைவிடச் சூடானால் கீழடுக்கு உருகி நிறம் கலங்கிவிடும்.

லாவெண்டர் எண்ணெய் என்றால் 500 கிராம் சோப்புக்கு 5–10 கிராம் போதும். அதிகம் ஊற்றினால் மணம் நிற்கும் என்பது தவறு: மிஞ்சிய எண்ணெய் கசிந்து அடுக்கைப் பிரிக்கும், தோலையும் எரிக்கும்.