தனிப்பயிற்சி என்ற பெயரில் விற்கப்படுவது என்ன?

இசை வகுப்புகளைப் பற்றிச் சில வாரங்களாக வந்து சேர்ந்த கடிதங்களை இங்கே ஒன்றாகத் தருகிறேன். இடம் கருதி எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘உங்கள் குழந்தைக்கென்றே வகுத்த பாடத்திட்டம்’ என்ற விளம்பரத்தை நம்பி, ஒன்பது வயது மகளுக்காக 48 பியானோ வகுப்புகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். அங்கேயே படிக்கும் பதினான்கு வயதுப் பையனின் நோட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். அதே பாடங்கள், அதே வரிசை, வாரத்துக்கு அதே அளவு. கேட்டதற்கு, ‘ஒரு ஆசிரியர், ஒரு மாணவர். அதுதான் தனிப்பயிற்சி’ என்கிறார்கள். பத்து வகுப்புகள் முடிந்திருக்கின்றன. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். விளம்பரத்தில் எழுதியதை நம்பியது உங்கள் தவறு அல்ல.

அறையில் ஒரே ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தால் அது தனி வகுப்பு. அந்த மாணவரின் கையும் காதும் பார்த்துப் பாடம் மாறினால்தான் தனிப்பயிற்சி. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதற்கான பணத்தை வாங்குகிறார்கள். பல ஆண்டுகளாக இதைப் பார்த்து எனக்குள் எரியும் கோபம் இன்னும் ஆறவில்லை.

பாடத்தை ஆளுக்கேற்பத் தைப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் 1720இல் தம் மூத்த மகனுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கினார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது, உங்கள் மகளின் வயதுதான். தொடக்கத்தில் இசைக் குறியீடுகளின் விளக்கம். சுரத்தை அழகுபடுத்தும் அணி ஒலிகளை எப்படி வாசிப்பது என்ற அட்டவணை. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண் போட்ட ஒரு சின்னப் பாடம். அதன்பின் கனமான பாடங்கள். இன்று உலகெங்கும் பியானோ மாணவர்கள் வாசிக்கும், இரண்டு மெட்டுகள் ஒன்றோடொன்று பின்னி வரும் ‘இன்வென்ஷன்’ என்ற சிறு பாடங்களின் முந்தைய வடிவங்கள் அந்த நோட்டில்தான் இருக்கின்றன. ஒரு பையனின் விரல்களுக்காக எழுதத் தொடங்கியது அத்தனை பேருக்கும் பயன்பட்டது.

எல்லா ஆசிரியரும் புதிதாக இசை எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அச்சிட்ட பாட நூலை நல்ல ஆசிரியர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு பிள்ளையிடம் நான்கு பக்கங்களைத் தாண்டச் சொல்வார்கள். இன்னொரு பிள்ளையை அதே பக்கத்தில் மூன்று வாரம் நிறுத்துவார்கள். சிறிய கை எட்டு வெள்ளைக் கட்டைகளை எட்டாதபோது, அந்த இடத்தை எட்டும்படி மாற்றிக் கொடுப்பார்கள். தாளம் தடுமாறுகிறவருக்குக் கை தட்டும் பயிற்சியும், குறியீட்டைப் படிக்காமல் காதால் பிடித்து வாசித்துவிடுகிறவருக்குப் படிக்கும் பயிற்சியும் தருவார்கள்.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. ஒரு வருட வயலின் வகுப்புக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். மூன்றாம் மாதம் ஆசிரியரை மாற்றினார்கள். என் இடது மணிக்கட்டு உள்ளே மடிந்து கிடப்பதைப் புதியவர் பார்க்கவே இல்லை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். மணிக்கட்டில் வலி வந்த பிறகுதான் நிறுத்தினேன். பணமும் திரும்பவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: ‘பத்து வகுப்புகளில் என் மகளிடம் நீங்கள் கவனித்த பலம் எது, குறை எது, அதற்காகப் பாடத்தில் எதை மாற்றினீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றாலோ, எல்லோருக்கும் பொருந்தும் பதில் வந்தாலோ, மீதி 38 வகுப்புகளுக்கான பணத்தை எழுத்திலேயே திருப்பிக் கேளுங்கள். விளம்பரத்தின் நகலை இன்றே எடுத்து வையுங்கள். நாளை அது மாறிவிடலாம். வங்கி அட்டையில் செலுத்தியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடமும் முறையிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: மூன்றே மாதத்தில் மேடையேற்றுவோம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். இதுவரை எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. சேரலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஏழு வயது மகனுக்கு வயலின் வாங்க வேண்டும். எப்படியும் வளர்ந்துவிடுவான் என்று முழு அளவு வயலினையே வாங்கிவிட்டேன். ஆசிரியர் அதை ஏற்க மறுக்கிறார். அவருக்கு வேறு கடையில் தரகு கிடைக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

பதில்: ஆசிரியர் சொல்வதுதான் சரி. வாங்குவதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தச் செலவும் இல்லை, இந்தச் சந்தேகமும் இல்லை.

வயலின் முழு அளவிலிருந்து முக்கால், அரை, கால், எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று இறங்கிக்கொண்டே போகும். பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு வயலினின் உடல் நீளம் சுமார் 35.6 செ.மீ. என்றால், அரை வயலினின் உடல் சுமார் 31 செ.மீ.; பாதி அல்ல. ஏழு வயதுக்குப் பெரும்பாலும் காலோ அரையோதான் பொருந்தும். வாத்தியத்தைத் தோளில் வைத்து இடது கையை நீட்டினால், முழங்கை சற்று மடிந்தபடியே வயலினின் நுனியிலுள்ள தலைச் சுருளை விரல்கள் சுற்றிப் பிடிக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் வாத்தியம் பெரியது. பெரிய செருப்பில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடக்கலாம். பெரிய வயலினில் பிள்ளையின் தோளும் கழுத்தும்தான் கெடும். கடை திருப்பி எடுத்துக்கொள்ளுமா என்று பாருங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள். வளரும் பிள்ளைக்கு வாடகை வயலின் கிடைத்தால் அதுவே நல்லது.

கேள்வி: வயது 58. ஓய்வு பெற்றபின் பியானோ கற்கிறேன். வலது கை மோதிர விரல் பழைய முறிவினால் முழுதாக மடங்காது. ஆசிரியரோ குழந்தைப் பாடல்களையே தருகிறார், விரலைப் பற்றிச் சொன்னால் ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்கிறார். நான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

பதில்: இல்லை. நீங்கள் கேட்பது மிகக் குறைவு. ஒரே சுர வரிசையை வேறு விரல்களால் வாசிக்க வழி உண்டு. அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்துத் தருவதற்குத்தான் ஆசிரியருக்குச் சம்பளம். பழைய முறிவினால் மடங்காத விரல் வாசித்துப் பழகுவதால் மட்டும் சரியாகிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வலி இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பப் பாடம் எளிதாக இருப்பதில் தவறில்லை. ஆனால் எளிமைக்காகக் குழந்தைப் பாட்டுதான் வேண்டும் என்பதில்லை. இத்தனை காலம் நீங்கள் கேட்டு நேசித்த ஐந்து பாடல்களின் பெயரை எழுதிக் கொடுங்கள். அவற்றில் ஒன்றின் மெட்டை உங்கள் விரலுக்கேற்ப எளிமையாக்கித் தர முடியாது என்றால், வேறு ஆசிரியரைத் தேடுங்கள். 58 வயதில் கற்க வந்தவரை இப்படி நடத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: இணைய வழிப் பாட்டு வகுப்பு. நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்தால் என் குரல் பாதியில் காணாமல் போகிறது என்கிறார் ஆசிரியர். வேகமான இணைப்புக்கு மாறினேன், பயனில்லை.

பதில்: குறை இணைப்பில் இல்லாமல் இருக்கலாம். காணொளிச் செயலிகள் பேச்சுக்காக அமைந்தவை. மாறாமல் நீளும் ஒலியை மின்விசிறி இரைச்சல் போல் கருதி அமுக்கிவிடும். இரைச்சல் நீக்கும் அமைப்பை அணைத்துப் பாருங்கள். ஜூமில் இதற்கென ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பே இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். ஒலி போய்ச் சேரத் தாமதம் ஆவதால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுவது மட்டும் சரிப்படாது. சேர்ந்தே பாடிப் பழக்குவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கியிருந்தால் அதைக் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: தொலைபேசியில் பேசியே ஒரு வருட கிட்டார் வகுப்புக்குப் பணமாகக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை, ஆசிரியர் யாரென்றும் கேட்கவில்லை. இப்போது யாரும் எடுப்பதில்லை.

பதில்: ரசீது இல்லை, பெயர் இல்லை, மாதிரி வகுப்பு இல்லை. இதே பகுதியில் இதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! அழைப்புப் பதிவுகளையும் குறுஞ்செய்திகளையும் திரட்டிக் காவல் துறையில் புகார் கொடுங்கள். பணம் வரும் என்று என்னால் நம்பிக்கை சொல்ல முடியவில்லை.

கேள்வி: புதிதாகத் தொடங்கும் எட்டு வயதுப் பெண்ணுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒன்றா, அரை மணி நேர வகுப்புகள் இரண்டா? கட்டணம் ஒன்றுதான்.

பதில்: இரண்டு. தவறான விரல் பழக்கம் ஒரு வாரம் ஊறுவதற்குள் ஆசிரியரின் கண்ணில் பட்டுவிடும்.