உலக நடப்பும் அரசுக் கொள்கைகளும் புரிய வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

தினமும் செய்தி பார்க்கிறேன், ஆனால் எந்தச் சட்டம் வந்தது, எது வரவில்லை, எந்த நாடு எதிலிருந்து விலகியது, எதுவும் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பல வருடம் அப்படித்தான் போனது. நிறையப் படித்தால் தெளிந்துவிடும் என்று நினைத்து இன்னும் நிறையப் படித்தேன். குழப்பம்தான் கூடியது.

நான் மாறியது ஒரு பந்தயத்தில் தோற்ற பிறகு. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா வேண்டாமா என்று பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்தது. 51.9 சதவீதம் பேர் வெளியேற வேண்டும் என்றார்கள். 'வெளியேற பிரிட்டன் முடிவு' என்ற மாதிரி தலைப்பைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் "இந்த வருஷம் முடியறதுக்குள்ள பிரிட்டன் வெளியே போயிடும் சார்" என்று அடித்துச் சொன்னேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "முடிவுன்னுதான போட்டிருக்கான்?" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. விலகும் கடிதத்தையே 2017 மார்ச் 29 அன்றுதான் பிரிட்டன் கொடுத்தது. அதிலிருந்து இரண்டு வருடம் கெடு. அது மூன்று தடவை தள்ளிப்போய், 2020 ஜனவரி 31 அன்றுதான் உண்மையில் வெளியேறியது. பழைய வர்த்தக விதிகள் அந்த டிசம்பர் 31 வரை அப்படியே ஓடின. நான் ஒரே வருடத்தில் முடித்துவைத்த விஷயத்துக்கு நாலரை வருடம் பிடித்தது.

அன்றிலிருந்து எந்தத் தலைப்பையும் பின்னாலிருந்து படிக்கிறேன். தமிழில் இது ஒரு வசதி. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். தலைப்பு போடுகிறவர்கள் அந்த வினையையும் வெட்டிவிட்டு ஒரு பெயர்ச்சொல்லில் நிறுத்துவார்கள்: பரிசீலனை, திட்டம், வலியுறுத்தல், எச்சரிக்கை, கண்டனம், முடிவு, தாக்கல், ஒப்புதல், கையெழுத்து, அமல். எத்தனை பெரிய நாட்டின் பெயர் முன்னால் இருந்தாலும் நடந்தது அந்தக் கடைசிச் சொல் அளவுக்குத்தான். 'பரிசீலனை' என்றால் ஒரு கூட்டத்தில் யாரோ பேசியிருக்கிறார்கள். 'தாக்கல்' என்றால் மசோதா அவைக்கு வந்திருக்கிறது, வாக்கெடுப்பு இனிமேல்தான். 'எனத் தகவல்' என்று முடிந்தால் யார் சொன்னது என்றே இல்லை. அதை நான் அடுத்த நாளைக்குத் தள்ளிவிடுவேன். 'அமல்' என்ற சொல் வரும்வரை வயிற்றில் புளியைக் கரைத்துக்கொள்வதில்லை.

'கண்டனம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த மறுநாள், ஐ.நா. பாதுகாப்பு சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. பதினைந்து உறுப்பினர்களில் 11 பேர் ஆதரவு, 3 பேர் வாக்களிக்கவில்லை, எதிர்ப்பு ஒரே ஒரு வாக்கு. அந்த ஒரு வாக்கு ரஷ்யாவுடையது. நிரந்தர உறுப்பினர் ஐந்து பேரில் ஒருவர் 'வீட்டோ' போட்டாலே தீர்மானம் செத்துவிடும், செத்தது. அப்புறம் அதே விவகாரம் பொதுச்சபைக்குப் போனது. மார்ச் 2 அன்று 141 நாடுகள் ஆதரித்தன, ஐந்துதான் எதிர்த்தன. இவ்வளவு பேர் சொல்லியும் போர் ஏன் நிற்கவில்லை என்று பலரும் கேட்டார்கள். இதுபோன்ற பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. உலகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அது காட்டும். அதுவும் சின்ன விஷயமில்லை, ஆனால் கையைப் பிடித்து நிறுத்துகிற உத்தரவு அது இல்லை.

'பிடிவாரண்ட்'டும் அப்படித்தான். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச்சில் புதினுக்குப் பிடிவாரண்ட் பிறப்பித்தது. அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது, உறுப்பு நாடுகள்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அவர் மங்கோலியாவுக்குப் போனார். மங்கோலியா உறுப்பு நாடுதான். வரவேற்பு கொடுத்து அனுப்பிவைத்தது. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும்: தி ஹேக் நகரில் இரண்டு பெரிய நீதிமன்றங்கள் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கைப் பார்க்கும், குற்றவியல் நீதிமன்றம் தனி மனிதர்களை விசாரிக்கும். செய்தியில் எது என்று பார்க்காமல் விட்டால் முழுச் செய்தியும் தலைகீழாகப் புரியும்.

சரி, கடைசிச் சொல் 'கையெழுத்து', அதுவும் சட்டத்தில் என்றால் முடிந்ததா? அதுவும் இல்லை. டிக்டாக்கை அதன் சீனத் தாய் நிறுவனம் விற்க வேண்டும், இல்லையேல் தடை என்ற அமெரிக்கச் சட்டம் 2024 ஏப்ரலில் கையெழுத்தானது. கெடு 2025 ஜனவரி 19. இரண்டு நாள் முன்பு உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. செயலி ஒரு ராத்திரி அணைந்தது, மறுநாளே திரும்ப வந்துவிட்டது. 20-ம் தேதி பதவியேற்ற டிரம்ப், 75 நாளைக்குச் சட்டத்தை அமல்படுத்த வேண்டாம் என்று உத்தரவு போட்டார். சட்டம் இருந்தது, தேதி இருந்தது, தீர்ப்பும் இருந்தது. செய்ய வேண்டிய ஆள் செய்யவில்லை. ஆகவே கடைசிச் சொல்லுக்குப் பிறகு நான் கேட்கும் அடுத்த கேள்வி, 'இதைச் செய்ய வேண்டிய கை யாருடையது?' என்பதுதான்.

பொருளாதாரச் செய்திகளில் கடைசிச் சொல்லே ஏமாற்றும். 'பணவீக்கம் சரிவு' என்று வந்தால் விலை இறங்கியது என்று நினைக்கிறோம். 100 ஆக இருந்த விலை, பத்து சதவீதப் பணவீக்கத்தில் 110 ஆகிறது. அடுத்த வருடம் பணவீக்கம் ஐந்தாகச் சரிந்தால் விலை 115.50. ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏற்றம் நிற்கவில்லை. அரசு பொய் சொல்கிறது என்று கோபப்படுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 அன்று எத்தியோப்பியா, சோமாலியாவிலிருந்து பிரிந்து தனியாக ஆட்சி நடத்தும் சோமாலிலாந்துடன் கடல் வழிக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதும் சோமாலியா ஏன் கொதித்தது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு நிமிடம். 1993-ல் எரித்திரியா தனி நாடானபோது எத்தியோப்பியாவின் கடற்கரை முழுவதும் அதோடு போய்விட்டது. சரக்கில் பெரும்பகுதி ஜிபூட்டி வழியாகத்தான் வருகிறது. சோமாலிலாந்திடம் கடல் இருக்கிறது, ஆனால் சோமாலியாவுக்கு அது தன் சொந்த மண். 'புரிந்துணர்வு' என்பதும் கவனிக்க வேண்டிய சொல், அது இறுதி ஒப்பந்தம் இல்லை. அதே வருடம் டிசம்பரில் துருக்கி நடுவில் உட்கார்ந்து எத்தியோப்பியாவையும் சோமாலியாவையும் பேசவைத்தது.

நடைமுறையில் நான் செய்வது ரொம்பச் சாதாரணம். ஒரு நோட்டு. இடது பக்கம் தலைப்பும் தேதியும், வலது பக்கம் காலி. நிஜமாக நடந்தால் அன்று அந்தத் தேதியை வலது பக்கம் எழுதுவேன். வாரத்துக்கு இரண்டு மூன்று வரிதான் சேரும். 2017 ஜூன் 1-க்கு நேராக 'பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்து விலக அமெரிக்கா முடிவு' என்று இருக்கிறது. அதன் வலது பக்கம் 2020 நவம்பர் 4, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மறுநாள். ஒப்பந்த விதிப்படி அதற்கு முன்னால் விலக முடியாது. கீழேயே சின்ன எழுத்தில் 2021 பிப்ரவரி 19, திரும்பச் சேர்ந்த நாள். மூன்று வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்ட விலகல், மூன்றரை மாதம்தான் உயிரோடு இருந்தது.

நோட்டின் முதல் பக்கத்தில் பின்தேதியிட்டு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 1996 செப்டம்பர் 24, அணு ஆயுதச் சோதனைக்கு முழுத் தடை, நாடுகள் கையெழுத்து. பெயர் குறிப்பிட்ட 44 நாடுகளும் கையெழுத்துக்குப் பிறகு ஏற்பு, அதாவது இறுதி ஒப்புதல், கொடுத்தால்தான் அது நடைமுறைக்கு வரும். ஏற்றுக்கொண்டிருந்த ரஷ்யாவும் 2023-ல் ஏற்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. வலது பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.