பதின்மூன்று நட்சத்திரம் யாருடையது?

கேள்வி: 13 அமெரிக்க விமானங்களை வீழ்த்திய 'கர்னல் டூம்ப்' தானே வியட்நாமின் தலைசிறந்த போர் விமானி? 1972-ல் அவரை அமெரிக்கரான கன்னிங்ஹாம் வீழ்த்தினார் என்கிறார்களே, உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லையே?

பதில்: இல்லாத ஆளை எப்படி எழுதுவது? வியட்நாமியச் சொல் எதுவும் 'ம்ப்' என்று முடியாது. அந்தப் பெயரே முதல் சந்தேகம். அடுத்தது நட்சத்திரக் கணக்கு. வடவியட்நாமில் வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சிவப்பு நட்சத்திரத்தை, வீழ்த்திய விமானத்தின் மூக்கில் வரைந்தார்கள். அது அந்த விமானத்தின் கணக்கு, ஓட்டியவரின் கணக்கு அல்ல. 4326 என்ற எண் கொண்ட மிக்-21-ல் (சோவியத் தயாரிப்புப் போர் விமானம்) 13 நட்சத்திரம். அதைப் பலர் மாறி மாறி ஓட்டினார்கள். ஹனோயில் உள்ள 4324-ல் 14 நட்சத்திரம், ஓட்டியவர்கள் ஒன்பது பேர். தவிர, 1972 மே 10 அன்று கன்னிங்ஹாம் வீழ்த்தியவை மிக்-17 விமானங்கள். 13 நட்சத்திர மிக்-21-ஐ அந்தக் கதைக்குள் எப்படித்தான் நுழைப்பது?

உண்மையில் முதலிடம் நுயென் வான் கோக்குக்கு. 1942-ல் பிறந்தவர், சோவியத்தில் பயிற்சி பெற்றவர், 921-ஆம் படைப்பிரிவில் மிக்-21 ஓட்டியவர். வியட்நாம் அவர் பெயரில் எழுதியிருப்பது ஒன்பது. அவற்றில் ஏழு அமெரிக்க இழப்புப் பதிவுகளோடு பொருந்துகின்றன. எந்தப் போரிலும் விமானிகளின் கணக்கு இவ்வளவு பொருந்துவது அபூர்வம்.

ஒன்பது எப்படி வந்தது என்பதற்கு அவருடைய ஆயுதத்தைப் பார்க்க வேண்டும். மிக்-21பிஎஃப்-ல் பீரங்கி கிடையாது. இருந்தவை இரண்டே இரண்டு ஆர்-3எஸ் ஏவுகணைகள். வெப்பத்தைத் தேடும் அந்த ஏவுகணைக்கு எதிரியின் வால்புற எஞ்சின் சூடு தெரிந்தாக வேண்டும். சூரியன் பக்கம் போனால் அதையே துரத்தும். ஏவும்போது நம் விமானம் 2 ஜி-க்கு (ஈர்ப்பு விசையைப் போல இரு மடங்கு) மேல் வளைந்துகொண்டிருந்தால் குறி தவறும். ரொம்ப நெருங்கி ஏவினாலும் பயனில்லை, வெடிக்கத் தயாராக அதற்குச் சிறிது தூரம் வேண்டும். ஆக, எதிரி நேராகப் பறக்க வேண்டும், நம்மைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துத் திரும்பிவிட்டால் கதை முடிந்தது.

அதனால்தான் வட்டமடித்துச் சண்டை போடும் எண்ணத்தை விட்டார்கள். தரை ரேடார்க்காரர்கள் வழி சொல்ல, தாழப் பறந்து, எதிரி அணியின் பின்னால் ஏறி, ஒலியைவிட வேகமாக வந்து ஏவிவிட்டு நிற்காமல் போய்விடுவது. உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கு வேலை! சுடாவிட்டாலும் பாதகமில்லை, குண்டு சுமந்து வரும் அமெரிக்க எஃப்-105 விமானம் பதறிப்போய்த் தன் குண்டுகளை வழியிலேயே உதறிவிட்டால் வந்த காரியம் முடிந்தது.

இந்த முறைக்கு அவர்களைத் தள்ளியது ஒரு தோல்வி. 1967 ஜனவரி 2 அன்று அமெரிக்கத் தளபதி ராபின் ஓல்ட்ஸின் எஃப்-4 போர் விமான அணி, எஃப்-105 போல வேஷம் போட்டு வந்து கவிழ்த்தது. வியட்நாம் கணக்கிலேயே ஐந்து மிக்-21 போயின. ஓட்டியவர்கள் எல்லோரும் குதித்துப் பிழைத்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 30-ல் நுயென் நொக் தோவுக்குத் துணை விமானியாகப் போன கோக், தன் முதல் எஃப்-105-ஐ வீழ்த்தினார். துணை விமானியின் வேலை தலைவரின் முதுகைக் காப்பது. இவர் வாய்ப்பு வந்தால் தானும் ஏவினார். 1968 மே 7-ல் சொந்தப் படையின் பீரங்கிகளே இவர்களை எதிரி என்று நினைத்துச் சுட்டன. அதையும் தாண்டி, எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த ஒரு எஃப்-4பி-ஐ இரண்டு ஏவுகணைகளால் கடலில் விழவைத்தார்.

பிறகு ஏன் எண்ணிக்கை ஏறவில்லை என்றால், 1968 நவம்பரில் அமெரிக்கா வடக்கில் குண்டுவீச்சை நிறுத்தியது. கோக்கைப் புதியவர்களுக்குப் பயிற்சி தர அனுப்பினார்கள். அவரிடம் படித்த நுயென் துக் சொவாத் 1972-ல் ஆறு விமானங்களை வீழ்த்தினார்.

அமெரிக்கத் தரப்பில் அதிகபட்சம் ஆறுதான். இதைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் குறிப்பிட்ட பயணங்கள் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள், வியட்நாமியர் சாகும்வரை அல்லது போர் முடியும்வரை பறந்தார்கள். வானில் எதிரி விமானத்தைச் சந்திக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று நீங்களே யோசியுங்கள்.