எஃப்எஸ்எச் கொடுத்தும் எஸ்ட்ராடையால் ஏறவில்லை என்றால்

கடலூர் ஆட்டுத்தொட்டியிலிருந்து வெள்ளாட்டுச் சூலகம் வாங்கிவந்து, புதுச்சேரியில் கிரானுலோசா செல் (முட்டையைச் சூழ்ந்திருக்கும் சூலகச் செல்) வளர்த்து, 10% சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) மில்லிக்கு 100 நானோகிராம் எஃப்எஸ்எச் (இந்தச் செல்களைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) கொடுத்தும் எஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எஃப்எஸ்எச் மேல் பழி போட்டுப் புதுக் குப்பி வாங்கிவிடாதீர்கள். என் முதல் சந்தேகம் சீரம்தான்.

சீரம் பட்டால் இந்தச் செல்கள் தட்டில் பரவி, முட்டை வெளியேறிய பின் உண்டாகும் லூட்டியல் செல் போல மாறிவிடும். எஃப்எஸ்எச் ஏற்பியும் (அந்த ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) அரோமட்டேஸும் (எஸ்ட்ராடையாலை உண்டாக்கும் நொதி) குறையும், லூட்டியல் செல் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் மட்டும் ஏறும். சீரம் இல்லாத ஊடகத்தில், மில்லிக்கு 10 நானோகிராம் இன்சுலினோடு வையுங்கள். எஃப்எஸ்எச்சை 1 நானோகிராமுக்கு இறக்குங்கள். மாடு, செம்மறி செல்களில் அளவு கூடினால் எஸ்ட்ராடையால் குறையவே செய்கிறது.

இன்னொன்று, எஸ்ட்ராடையாலுக்கு மூலப்பொருளான ஆண்ட்ரோஸ்டீன்டையோன் (ஓர் ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன்) சேர்த்தீர்களா? கிரானுலோசா செல் ஆண்ட்ரோஜனைத் தானாகச் செய்யாது, அதைச் சுற்றியுள்ள தீக்கா செல்தான் தரும். மாவில்லாமல் தோசை வராது. 100 நானோமோலார் போதும்.

பிறகும் வரவில்லையென்றால், எஃப்எஸ்எச்சின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் சிறு மூலக்கூறான சிஏஎம்பியை அளந்து பாருங்கள். ஏற்பி ஜிஎஸ் புரதம் வழியாக அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டி அதை உண்டாக்கும். பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற இன்னொரு நொதி அதை உடனே உடைத்துவிடும். ஆகவே அதைத் தடுக்கும் ஐபிஎம்எக்ஸை 0.5 மில்லிமோலார் முன்கூட்டிப் போட்டு, எஃப்எஸ்எச் கொடுத்து 30 நிமிடத்தில் நிறுத்துங்கள். பக்கத்துக் குழியில், ஏற்பி இல்லாமலே அடினைலேட் சைக்ளேஸைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார். அது சிஏஎம்பியை ஏற்றி, எஃப்எஸ்எச் ஏற்றவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஏற்பியில், இல்லையேல் எஃப்எஸ்எச்சிலேயே. இரண்டும் ஏற்றியும் எஸ்ட்ராடையால் இல்லையென்றால் அரோமட்டேஸைப் பாருங்கள்.

சூலகத்தை ஐஸில் கொண்டுவர வேண்டாம். 30–35 டிகிரி உப்புநீரில், பிளாஸ்கில் போதும்.