ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி விழாவில் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ஜூலியட்டாக நடிக்கிறாள். 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று சொல்லும்போது நெற்றியில் கை வைத்து இருட்டில் தேடுவதுபோல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 'ரோமியோ, எங்கே இருக்கிறாய்' என்பதுதானே பொருள்?

பதில்: இல்லைங்க, முதலில் அந்தக் கையை இறக்கச் சொல்லுங்கள். 'வேர்ஃபோர்' என்றால் ஏன், எதற்காக. முன்னால் எங்கே என்று பொருள்படும் 'வேர்' இருப்பதால் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இது, கல்லூரிக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கே–அங்கே, எப்போது–அப்போது என்று நம்மிடம் ஜோடி ஜோடியாகச் சொற்கள் இருக்கின்றன இல்லையா, ஆங்கிலத்திலும் வேர்–தேர், வென்–தென் என்று அதே மாதிரிதான். 'தேர்ஃபோர்' அதனால் என்றால் 'வேர்ஃபோர்' எதனால். அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஆக ஜூலியட் கேட்பது 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?' என்று. அவன் மாண்டேகு வீட்டுப் பிள்ளை, இவள் கேப்யுலெட் வீட்டுப் பெண், இரண்டு குடும்பத்துக்கும் பழம்பகை; ஊரில் எத்தனையோ வீடு இருக்க அந்த வீட்டில் போய்ப் பிறந்து தொலைத்தாயே என்ற புலம்பல் அது. அடுத்த வரியிலேயே அப்பனை மறுத்துவிடு, பேரை விட்டுவிடு என்கிறாள். அவன் கீழே தோட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது, பிறகு யாரைத் தேடுவது? இன்னும் சந்தேகம் இருந்தால் அதே காட்சியில் (2ஆம் அங்கம், 2ஆம் காட்சி) கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்: அவன் பேசி, குரலை வைத்து இவள் ஆளைக் கண்டுபிடித்த பிறகு, 'இங்கே எப்படி வந்தாய், வேர்ஃபோர்?' என்று கேட்பாள். வந்து நிற்பவனிடம் எங்கே என்று யாராவது கேட்பார்களா?

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1611இல் வந்த ஆங்கில பைபிளில், தண்ணீரில் மூழ்கப்போன பேதுருவிடம் இயேசு 'வேர்ஃபோர்' போட்டுத்தான் கேட்கிறார். தமிழ் பைபிளில் அது 'ஏன் சந்தேகப்பட்டாய்'. ஆனால் கனிகளினாலே அவர்களை அறிவீர்கள் என்ற வசனத்தில் அதே சொல் கேள்வியே இல்லை, தமிழில் 'ஆதலால்' என்று வரும். கோர்ட் மனுக்களின் கடைசியில் இப்படிக் கோருகிறேன் என்ற இடத்தில் 'வேர்ஃபோர்' இருந்தால் அதுவும் இந்த 'ஆதலால்'தான். பேச்சில் இன்று 'வைஸ் அண்ட் வேர்ஃபோர்ஸ்' என்ற தொடரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, காரணகாரியங்கள் என்ற பொருளில்.

சரி, மேடைக்கு வருவோம். வசனத்தைச் சொல்லும்போது அழுத்தம் கடைசி 'ரோமியோ'வில் விழட்டும், ஏனென்றால் அவளுக்கு வலிப்பது அந்தப் பெயர்தான். அப்புறம், பள்ளியில் கொடுத்த பிரதியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 'தௌ'வுக்கும் கடைசி 'ரோமியோ'வுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி இருந்தால், அவனை விளித்துக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும், பேனாவால் அடித்துவிடுங்கள்.