கணவர் சூதாட்டப் பழக்கத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால் மனைவி என்ன செய்யலாம்?

சம்பளம் வந்த வாரமே 4டி லாட்டரியிலும் கேசினோவிலும் கரைகிறது, கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார், அவர் சம்மதம் இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். சிங்கப்பூரில் குடும்ப விலக்கு ஆணை என்று ஒன்று இருக்கிறது. மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என யாரும் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். ஆணை கிடைத்தால் சிங்கப்பூரின் இரண்டு கேசினோக்களிலும் அவருக்கு இடமில்லை. 150 வெள்ளி நுழைவுக் கட்டணத்துக்கு அசராதவரையும் இது வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் புளோக்குக்குக் கீழே கையில் காசு கொடுத்து 4டி எடுப்பதை இது தடுக்காது. அதுதான் இதன் பெரிய ஓட்டை.

அவரே மனம் மாறினால் சுய விலக்கு கேட்கலாம். ஓராண்டு முடியும் முன் அதை ரத்து செய்ய முடியாது. சிகிச்சைக்குப் புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகம். மது, போதைப்பொருள் பழக்கத்துக்கும் அங்கேயே பார்க்கிறார்கள்.

சரி, இன்று என்ன செய்வது? சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1800-6-668-668க்கு நீங்களே போன் போடுங்கள், குடும்பத்தாரிடமும் பேசுவார்கள். அப்புறம், அவர் கடனை அடைக்கிறேன் என்று தாலிக்கொடியை அடகுக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கூட்டுக் கணக்கில் விழும் உங்கள் சம்பளத்தை முதலில் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள்.