செடிச் சுவர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டுக்குள் செடிச் சுவர் (சுவரில் வரிசை வரிசையாகத் தட்டுகளில் செடி வளர்ப்பது) அமைத்தால் காற்று சுத்தமாகிவிடும், ஏர் பியூரிஃபையரே வேண்டாம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இந்தப் பேச்சு கிளம்பியது 1989-இல் நாசாவுக்காக பில் வுல்வர்ட்டன் செய்த ஆய்விலிருந்து. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து அளந்தார்கள். வீடு அப்படியா இருக்கிறது? கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய ஆய்வுகளை 2019-இல் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் காற்றோட்டத்துக்கு ஈடுகட்ட, தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டியிருந்தது. அப்புறம் நாம் எங்கே உட்காருவது?

பலன் கண் வழியாக வருகிறது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை ஒப்பிட்டு ரோஜர் உல்ரிச் 1984-இல் எழுதிய ஆய்வில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது மரம், செடிச் சுவர் அல்ல. ஆனாலும் இடம் தேர்ந்தெடுக்க வழி சொல்கிறது. வாசல் நடையில் அழகுக்கு வைப்பதைவிட, தினமும் நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு எதிரே வையுங்கள்.

கேள்வி: மேல்வரிசைச் செடிகள் கருகுகின்றன, கீழ்வரிசை அழுகுகிறது. தினமும் ஒரே தடவை 20 நிமிடம் சொட்டுநீர் விடுகிறேன். என்ன தவறு?

பதில்: அந்த 20 நிமிடம்தான். செடி ஊன்றியிருக்கும் தேங்காய் நார்க்கழிவு ஓர் அளவுக்கு மேல் தண்ணீரைப் பிடிக்காது. மிச்சம் கீழே இறங்கி, கடைசி வரிசையின் வேரில் தேங்கும். போதாததற்கு, மோட்டார் நின்ற பிறகு குழாயில் இருக்கும் தண்ணீரும் கீழ்ச் சொட்டுவான்கள் (குழாயில் நீர் சொட்டும் முனைகள்) வழியாகவே வடியும்.

வரிசைக்கு ஒரு வால்வு போடுங்கள். மேல்வரிசைக்கு 3 நிமிடம் வீதம் மூன்று வேளை, கீழ்வரிசைக்கு ஒரு வேளை என்று தொடங்கி, விரலை இரண்டாம் கணுவரை நுழைத்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஈரம் இருக்கலாம், சொதசொதப்பு கூடாது. மேல், கீழ்ச் சொட்டுவான்களுக்கு அடியில் ஆளுக்கொரு டம்ளர் வைத்து 5 நிமிடம் பிடித்தால் அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உப்புப் படிந்ததை வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம்.

அழுகிய செடியை உருவிப் பாருங்கள். வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றால், அது தேறாது, நார்க்கழிவோடு அகற்றுங்கள். புதிதாக நடும்போது மேலே மணி பிளான்ட், கீழே பாஸ்டன் ஃபெர்ன் வையுங்கள். ஃபெர்னை மேலே வைத்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: தண்ணீர், உரம் எல்லாம் சரியாக இருந்தும் தண்டு நீண்டு, இலை சிறுத்துக்கொண்டே போகிறது.

பதில்: வெளிச்சம் போதவில்லை. நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மூலை செடிக்கு இருட்டு. இலை மட்டத்தில் வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறைந்தால் பெரும்பாலான செடிகள் மெல்ல மெலியும். 2,000 இருந்தால் நல்லது. கைப்பேசிச் செயலியில் தோராயமாக அளக்கலாம். விளக்கைச் சுவரை ஒட்டி மாட்டினால் மேல்வரிசை மட்டுமே வாழும். முக்கால் மீட்டர் முன்னால் தள்ளி, சாய்த்து மாட்டுங்கள். டைமரில் 12 மணி நேரம் போதும். இரவில் அணைத்துவிடுங்கள், உங்கள் தூக்கத்துக்காகவும்தான்.

கேள்வி: சுவர் ஓதம் ஏறாதா?

பதில்: செடித் தட்டை நேரே சுவரில் ஒட்டினால் ஏறும், பூஞ்சையும் பிடிக்கும். சட்டம் அடித்து, பி.வி.சி. ஷீட் வைத்து, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே 3 செ.மீ. காற்றிடைவெளி விடுங்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது.

பதில்: மணி பிளான்ட், பீஸ் லில்லி, சிங்கோனியம் மூன்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு; கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும். எட்டும் உயரத்தில் ஸ்பைடர் பிளான்ட், பெப்பரோமியா, பாஸ்டன் ஃபெர்ன் போதும். ஸ்பைடர் பிளான்ட்டை எப்படியும் மென்று வைக்கும், இலை நுனி போனால் போகட்டும்.